கப்பல் ஏறி வந்த குதிரை

கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில்
மாதத்தின் கடைசி ஞாயிறு, மூன்று மணி.
நாணயப் பெட்டிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே
ஐந்து நாற்காலி, ஒரு பெஞ்சு.
இந்த வருடம் கடல் வரலாறு என்று முடிவாயிற்று.
முடிவு செய்தவர் மாற்றலாகி அரியலூர் போய்விட்டார்.
கடல் எங்களிடம் தங்கிவிட்டது.

முதல் கூட்டத்திலேயே மாதப்பன் கேட்டார்:
'இங்க யாரெல்லாம் கடலைப் பார்த்தவங்க?'
இரண்டு கைகள் உயர்ந்தன.
ஒன்று, மெரினாவில் சுண்டல் தின்ற கை.
மற்றது நாகவேணியுடையது.
பள்ளிச் சுற்றுலாவில், பேருந்துச் சன்னல் வழியே
'அதோ' என்று காட்டப்பட்ட நீலத்தை
அவள் இன்னும் சந்தேகப்படுகிறாள்.

நான் உயர்த்தவில்லை.
பர்கூர் சாலை மாம்பழக்கூழ் ஆலையில்
பதினோரு வருடமாய் ஏற்றுமதிப் பத்திரம் தட்டுகிறவள்.
ஜெத்தா, ரோட்டர்டாம், ஏடன்
எழுத்துப் பிழையில்லாமல் எனக்கு வரும்.
பெங்களூரா, இருநூற்றுப் பதினைந்து கிலோ பீப்பாய், எண்பது.
கப்பல் பெயர். பயண எண். இறக்கும் துறை.
ஏற்றும் துறை எப்போதும் சென்னை.
கடலுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த மாதம் ஏழாம் அத்தியாயம்.
ஆளுக்கு இரண்டு பக்கம், உரக்க.
துறையில் இறங்கிய சரக்கு என்று
நீளமாய் ஒரு பட்டியல்.
மற்றவர்கள் கொட்டாவி விட்ட இடத்தில்
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
இது என் வேலை!
யாரோ ஒருவன் மிளகு மூட்டைகளை எண்ணி,
நனைந்தவை இத்தனை என்று கழித்து,
கூட்டுத்தொகையில் ஒன்றைத் தவறவிட்டு,
அடித்து, மேலே திருத்தியிருக்கிறான்.
அடித்த இடத்தையும் அச்சில் காட்டியிருந்தார்கள்.
அவன் பெயர் மட்டும் இல்லை.
என் பத்திரத்திலும் கையொப்பம் மேலாளருடையதுதான்.

பட்டியலின் கடைசியில் குதிரைகள்.
ஏற்றியது நூறு. இறக்கியது அறுபத்திரண்டு.
இடையில் ஒரு கோடு.

கால்நடை மருந்தகத்துக் கலீம் பாய்,
அன்றுவரை வாய் திறக்காதவர்,
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
'குதிரைக்கு வாந்தி வராதுங்க.
குமட்டும். உள்ள புரளும். வெளிய வராது.
அதோட தொண்டை அப்படி.'

நாற்பது நாள் அலை.
யாரும் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

தேநீர் வர நேரமானதால் முற்றத்துக்கு வந்தோம்.
நடுகற்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.
ஆநிரை மீட்டவன், அம்பு தைத்தவன்,
புலியைக் குத்திக்கொண்டே செத்தவன்.
வேம்படியில் ஒன்றில் மட்டும் குதிரை மேல் ஒருவன்.
மாதம் தவறாமல் இதன் மேல்தான்
கைப்பையை வைத்துவிட்டுச் செருப்பு மாட்டுவேன்.

வீரனின் பெயர் கல்லில் இருக்கிறது.
யார் மகன், எந்த ஊருக்காகப் பட்டான், எல்லாம் இருக்கிறது.
குதிரை சும்மா நிற்கிறது.
மாதப்பன் கிரானைட் யார்டில் கல் அளக்கிறவர்;
சாண் போட்டுப் பார்த்து 'ஒண்ணே கால் டன்' என்றார்.
பிறகு தயங்கி, 'கல்லைச் சொன்னேன்.'
'இது எந்த ஊர் வளர்ப்பு?' நாகவேணி.
'நம்ம பக்கம் இவ்வளவு உயரம் கிடையாதும்மா.'
'சிற்பிக்குக் கை நீண்டிருக்கும் பாய்.'
'இருக்கலாம்.'
'இல்லன்னா, அப்ப இதுவும்...'
அவள் முடிக்கவில்லை.

கலீம் பாய் குனிந்து அதன் கழுத்தடியைத் தொட்டார்.
மருந்து புகட்டும்போது தொடுகிற இடம் போலிருக்கிறது.
தேநீர் வந்து ஆறியது.

ஐந்து மணிக்குக் காவலர் சாவிக்கொத்தை ஆட்டினார்.
அடுத்த மாதம் நங்கூரங்கள்.
அந்தப் பக்கங்களை மாதப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்:
கல் நங்கூரம் வருகிறதாம்.

திங்கட்கிழமை காலை
சரக்கு விவரம் என்ற கட்டத்தில்
பெங்களூரா என்று அடித்ததும் விரல் நின்றது.
ஏற்றியது எண்பது.
இறக்கியதை
இத்தனை வருடத்தில்
யாரும் எனக்கு எழுதியதில்லை.